எந்த வெள்ளை?

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். யார் சமைப்பது, யார் துணி மடிப்பது, குறட்டை விட்டால் எழுப்பலாமா, எழுப்பினால் எப்படி எழுப்புவது என்பது வரைக்கும். இருவருக்குமே தனியாக இருந்து பழகிப்போன வயது. அதனால் பின்னால் தகராறு வரக்கூடாது என்று முன்யோசனையோடு பேசினார்கள். ஆனால் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச விட்டுப்போயிற்று.

அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கை மிதித்தே பாதி ஆயுள் போயிற்று. யாரையும் அதட்ட மாட்டார். வண்டி நேராகப் போய் மதில் மேல் மோதப்போகிற நேரத்தில்கூட, "கொஞ்சம் வலது பக்கம் போனா நல்லா இருக்கும்ல?" என்பார். கால் மட்டும் பிரேக்கில் இருக்கும்.

அவள் பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் வார்த்து, பல் பொருத்தி, ஈறு செதுக்கித் திருப்பி அனுப்புவாள். நிறம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று லேபில் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இருவரும் சந்தித்ததே மாஸ்டருடைய அப்பாவின் வாயில்தான். பெரியவருக்கு முழு செட்டு கட்டவேண்டி வந்தபோது, நிறம் ஒத்துவராமல் தகராறு பண்ணி, லேபிலிருந்து இவளையே கிளினிக்குக்கு வரவழைத்துவிட்டார். அவருக்குப் பளீரென்ற வெள்ளை வேண்டும். நிறம் பார்க்கிற மாதிரிப் பற்கள் செருகிய பட்டையை இவள் அவர் உதட்டோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெள்ளை வெச்சா, நீங்க சிரிக்கறதுக்கு முன்னாடி பல்லு சிரிச்சுடும் ஐயா," என்றாள். மூலையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பெத்த அப்பன் பல்லு இல்லாம உக்காந்திருக்கேன், இளிக்கிறான் பாரு," என்று பெரியவர் பொக்கை வாயால் திட்டியது அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் பின்னால் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இது என் வாயால வந்த சம்பந்தம்!"

வாடகைக்குக் கிடைத்தது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா. பழைய சுவரில் ஆணித்துளைகளும் பழைய குடித்தனக்காரரின் காலண்டர் தடமும் இருந்தன. "பெயிண்ட் நீங்களே அடிச்சுக்கங்க. கண்ணைக் குத்தற கலர் மட்டும் வேணாம்," என்று வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்தாள்.

கண்ணைக் குத்துகிற பொருள் ஒன்று மாடியேறப்போவது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அது மாஸ்டரின் சோபா. ஆரஞ்சு நிறம். சாதாரண ஆரஞ்சு இல்லை. ரோட்டில் பள்ளம் தோண்டினால் சுற்றி வைப்பார்களே, அந்தக் கூம்பின் நிறம்.

"இதை எந்த யோசனையில வாங்கினீங்க?" என்றாள் அவள்.

"தூரத்துல இருந்தே தெரியும்ல."

"வீட்டுக்குள்ள எவ்ளோ தூரத்துல இருந்து பாக்கப்போறீங்க மாஸ்டர்? அதைப் பாத்தாலே எனக்கு வண்டியைத் திருப்பிக்கிட்டு வேற வழியா போகணும்னு தோணுது."

சோபா ஆரஞ்சு, தரையில் பச்சைப் புள்ளி போட்ட மொசைக். இந்த இரண்டையும் சமாதானப்படுத்துகிற ஒரு நிறம் சுவருக்கு வேண்டும். மாஸ்டருக்கு இதில் குழப்பமே இல்லை.

"வெள்ளை அடிச்சுடலாம். வெள்ளை எதோடயும் ஒத்துப்போகும்."

"எந்த வெள்ளை?"

"வெள்ளைன்னா வெள்ளைதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்க்கிற பார்வை அது. "மாஸ்டர், நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெள்ளையைத்தான் பாக்கறேன். மஞ்சள் வெள்ளை, சாம்பல் வெள்ளை, பால் வெள்ளை, பழுப்பு வெள்ளை. வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா? எனக்கு மழைக்கு முன்னாடி ஆகாயம் ஒரு மாதிரி இருக்குமே, நீலமும் இல்லாம சாம்பலும் இல்லாம, அது வேணும்."

"மழைக்கு முன்னாடி வைப்பர் வேலை செய்யுதான்னு பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவள் சின்னச் சின்ன டப்பாவாக வாங்கிவந்து ஹால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தீட்டிப் பார்த்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீலம், சாம்பல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று, நடுவுக்கும் நடுவில் ஒன்று. ஒவ்வொன்றையும் காட்டி அவரைக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர், "நல்லா இருக்கு," என்றார்.

"எல்லாமே நல்லா இருக்குன்னா நீங்க எதையுமே பாக்கலன்னு அர்த்தம்."

"பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பெரியவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தினமும் நடந்துவந்து ஆரஞ்சு சோபாவில் சாய்ந்துகொள்வார். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, செவுத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த தன் சாமான்களை எடுத்துவர அவள் அம்மா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. சனி, ஞாயிறு அங்கே. அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. அவள் வருவதற்குள் ஹாலை முடித்து அசத்திவிட்டால் என்ன?

நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனார். தெரிந்த பெயிண்டர் ஒருவரைப் பிடித்தார். இருவருமாகச் சோபாவைப் போர்வையால் மூடி, அம்மைத் தழும்பையெல்லாம் பட்டி பார்த்துத் தேய்த்து, ரோலரை உருட்டி, ஞாயிறு மதியத்துக்குள் வேலையை முடித்தார்கள். பெயிண்டர் கூலியை வாங்கிக்கொண்டு போன பிறகு மாஸ்டர் தரையில் விழுந்த சொட்டுகளை உட்கார்ந்து சுரண்டினார். மொசைக்கின் பச்சைப் புள்ளிகளில் சிலவும் சேர்ந்து சுரண்டப்பட்டன.

சாயங்காலம் அவள் இரண்டு பைகளோடு படியேறி வந்தாள். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, "எப்படி?" என்று கைகளை விரித்தார் மாஸ்டர்.

அவள் வாசலிலேயே நின்றாள். பைகளைக் கீழே வைக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், திரும்பவும் சுவரைப் பார்த்தாள்.

"ஏ-மூணு," என்றாள்.

"என்னது?"

"இந்த ஷேடு. எங்க பட்டையில இதுக்கு ஏ-மூணுன்னு பேரு. அறுபது வயசுக்கு மேல, நல்லா டீ குடிக்கறவங்களுக்கு வெக்கற பல்லு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பைகளைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாஸ்டர், நாலு பக்கமும் பல்லு! யாரோ நம்மளை மெல்லப்போற மாதிரி இருக்கு!"

மாஸ்டரும் சிரிக்க முயன்றார். வாய் ஒத்துழைக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் பெரியவர் வந்தார். சுவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்கேயோ பாத்த கலரா இருக்கே," என்றார். மருமகள் அவர் காதோடு ஏதோ சொன்னாள். பெரியவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் மேல் செட்டைக் கழற்றிக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்தார்.

பல் எது, சுவர் எது என்று தெரியவில்லை. ஈறு மட்டும் தனியாக அந்தரத்தில் நின்றது.

"அடப்பாவி," என்றார் பெரியவர், செட்டை மறுபடி மாட்டிக்கொண்டு. "என் வாய்க்குள்ளயா குடித்தனம் பண்ணப்போறீங்க?"

மாமாவும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது மாஸ்டர் ஹாலில் இல்லை. செருப்பும் இல்லை.

பெரியவருக்கு முதலில் சிரிப்பு நின்றது. "கோவிச்சுக்கிட்டான்மா. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். சத்தமே வராது, ஆள் மட்டும் காணாம போயிடுவான். நீ போ, நான் இருக்கேன்."

தெருவில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றிருந்தது. மாஸ்டர் வழக்கமான இடத்தில், ஸ்டீயரிங் இல்லாத பக்கம், உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த ஒரே முன் சீட்டு ஓட்டுகிறவருடையது. அவள் கதவைத் திறந்து அதில் உட்கார்ந்தாள். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் கை தானாக ஸ்டீயரிங்கைப் பிடித்தது.

எதிரே ஒருவர் பைப்பைப் பிடித்து வாசல் கழுவிக்கொண்டிருந்தார்.

"சீட்டை முன்னாடி தள்ளிக்க. கால் எட்டாது," என்றார் மாஸ்டர் கடைசியில்.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்துவிட்டுக் காலை எடுத்தார். பிறகு எதிரே வாசல் கழுவுகிறவரைப் பார்த்தபடியே சொன்னார்: "கடைக்காரன் ஷேடு கார்டைத்தான் நீட்டினான். எனக்கு அதுல எதுவும் புரியல. நான் அவன்கிட்ட வெள்ளைக் கோட்டு ஒண்ணைச் சொன்னேன். நிறைய தடவை துவைச்சு, மேல லேசா மாவு படிஞ்ச மாதிரி இருக்கும்னு. நீ கிளினிக்குக்கு அன்னிக்கு லேப்ல இருந்து அப்படியே வந்தியே, அந்தக் கோட்டு. அவன் மெஷின்ல நாலஞ்சு விதமா கலந்து காட்டினான். நான்தான் இது இல்ல, இது இல்லன்னு சொல்லி... இதை எடுத்தேன். உனக்கு அது பல்லாத் தெரிஞ்சிருக்கு."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். மாவு இல்லை, பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் தூள் என்று திருத்தத்தான் வாய் வந்தது. திருத்தவில்லை. நிறம் விஷயத்தில் "எல்லாமே நல்லா இருக்கு" என்று சொல்கிற மனுஷன், ஒரு கோட்டின் நிறத்தை இவ்வளவு காலம் மனசில் வைத்திருந்திருக்கிறார். நெகிழ்ந்ததைக் காட்டிக்கொள்ள அவளுக்கு வராது.

"அந்தக் கோட்டை நான் அவ்ளோ அழுக்காவா போட்டிருந்தேன்?" என்றாள்.

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"சிரிச்சது தப்புதான். அதுலயும் மாமாவைக் கூட்டு சேர்த்துக்கிட்டது பெரிய தப்பு," என்றாள். "ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். பல்லு கலரா இருந்தா என்ன, எதுவா இருந்தா என்ன, என்னைக் கேக்காம அடிச்சுட்டீங்களே. கதவைத் திறந்ததும் யாரோ தெரியாதவங்க வீட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருந்துச்சு. அதான் முதல்ல வாசல்லயே நின்னுட்டேன். சிரிப்பெல்லாம் அப்புறம்தான்."

"கேட்டா நீ வேற கலர் சொல்லுவ."

"சொல்லுவேன்."

"எனக்கு மறுத்துப் பேச வராதே. நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்."

"அப்போ நீலம், சாம்பல், அதெல்லாம்..."

"ஒண்ணுகூடப் பிடிக்கல. வீட்டுக்குள்ள எப்பப் பாத்தாலும் மழை வரப்போற மாதிரி இருந்துச்சு. குடை எங்கன்னு தேடத் தோணுச்சு."

அவள் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஹாரனில் கை பட்டுவிடும் அளவுக்குச் சிரித்தாள்; பட்டும்விட்டது. வாசல் கழுவியவர் திடுக்கிட்டுப் பைப்பைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? சண்டை போடுங்க மாஸ்டர். நான் என்ன, உங்ககிட்ட வண்டி ஓட்டப் பழக வந்தவளா, பதமா சொல்றதுக்கு?"

மறுநாள் அவள் லேபிலிருந்து வரும்போது கைப்பையில் ஒரு மெழுகுத் தகடு கொண்டுவந்தாள். பல் செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மெழுகு. சுவரில் இடுப்புக்குக் கீழே அதை வைத்துப் பிடித்துக்கொண்டு, "தள்ளி நின்னு பாருங்க," என்றாள்.

மாஸ்டர் சமையலறை வாசல்வரை பின்னால் போய்ப் பார்த்தார்.

"தனிப் பல்லை மேஜையில வெச்சா எப்பவுமே அழுக்காத்தான் தெரியும். ஈறுல பதிச்சாத்தான் உயிர் வரும். நேத்து மாமாவோட செட்டு செவுத்துல நின்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள அதுதான் பட்டுச்சு. சிரிப்புல சொல்ல விட்டுப்போச்சு. கீழ் பாதிக்கு இதை அடிச்சா மேல உங்க வெள்ளை நிக்கும். எப்படி? உண்மையைச் சொல்லுங்க."

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். "ரொம்ப ரோஸா இருக்கு. பொம்மை வீடு மாதிரி."

"அப்படிப் போடுங்க! கொஞ்சம் பழுப்பு கலந்தா?"

"கலந்து பாக்கலாம்."

கலந்தார்கள். கடைக்காரன் மெஷினை ஓட்ட, இருவரும் இரண்டு பக்கமும் நின்று "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் வந்தது சுட்ட மண்ணுக்கும் காய்ந்த ரோஜா இதழுக்கும் நடுவிலான ஒரு நிறம். இந்தத் தடவை பெயிண்டர் இல்லை. அவள் மேல் விளிம்பைச் சின்ன பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போக, அவர் கீழே ரோலர் உருட்டினார். ஈறு செதுக்கிய கைக்கு அந்த விளிம்பு நூல் பிடித்ததுபோல் வந்தது. ஜன்னலுக்கு மட்டும் அவளுடைய மழை நிறத்தில் திரைச்சீலை. "ஜன்னல்ல மழை தெரிஞ்சா தப்பில்ல, குடை தேட மாட்டேன்," என்று மாஸ்டர் அனுமதி கொடுத்தார்.

ஆரஞ்சு சோபாதான் அடங்கவில்லை. புதுச் சுவருக்கு முன்னால் அது உரக்கக் கத்தியது. போர்வை போட்டார்கள், போர்வைக்குள்ளிருந்தும் கத்தியது. மாஸ்டர் இரண்டு நாள் அதன் பக்கம் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைக் கொஞ்சம் சத்தமாகவே செய்தாள்.

வழி காட்டியது பெரியவர். "அதை என் வீட்டுக்கு அனுப்பிடு. இதுல சாயறதுக்காகத்தான் தினமும் இவ்ளோ தூரம் நடந்து வர்றேன்," என்றார்.

"அப்போ எங்களைப் பாக்க வரலையா?" என்றாள் மருமகள்.

"உங்களையும் பாக்கத்தான். சாஞ்சுக்கிட்டே."

சோபாவை இறக்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே மாஸ்டர், கீழே அவள், நடுவில் ஆரஞ்சு. "லெஃப்ட்ல ஒடிச்சு, கொஞ்சம் ரிவர்ஸ்," என்று மாஸ்டர் தொழில்முறையில் வழி சொன்னார். "யாரோட லெஃப்ட்?" என்று கீழிருந்து குரல் வந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வெளியே வந்து, சோபாவைப் பார்த்து ஒரு நிமிஷம் நெஞ்சில் கை வைத்தாள். அது வெளியே போகிறது என்று தெரிந்ததும் தானே வந்து ஒரு கை கொடுத்தாள்.

சோபா போன பிறகு அந்த அம்மா மாடிக்கு ஏறிவந்து ஹாலைப் பார்த்தாள். மெல்ல ஒரு சுற்று வந்தாள். சுவரைத் தடவினாள். மாஸ்டர் கைகட்டி நின்றார், லைசென்ஸ் டெஸ்ட்டில் நிற்கிறவர் மாதிரி.

"என்ன குளுமையா இருக்கு! இந்த மாதிரி ஒரு பொருத்தம் நான் பாத்ததே இல்ல. இந்தக் கலருக்கு என்னம்மா பேரு?"

மாஸ்டர் அவசரமாகத் திரைச்சீலை பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மேல இருக்கறது முத்து வெள்ளைங்க. கீழ செவ்விதழ்."

"செவ்விதழ்! பேரே எவ்ளோ நல்லா இருக்கு பாரு. எங்க ஹாலுக்கும் இதையே அடிச்சுடறேன். கடை எதுன்னு உங்க வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லு. என்ன, அவருக்கு இருமலா?"

"தூசிங்க," என்றார் மாஸ்டர் திரைச்சீலைக்குள்ளிருந்து.

வீட்டுக்காரம்மா இறங்கிப் போகும் காலடிச் சத்தம் அடங்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாம மேல் தாடை," என்றாள் அவள் மெதுவாக. "அவங்க கீழ் தாடை."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார வேறு எதுவும் ஹாலில் இல்லை. சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஆரம்பித்தார்.

அந்த வாரமே கீழே பெயிண்டர் வந்துவிட்டார். வேலை நடக்கிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருக்க, ஞாயிறு காலை அவள் படுக்கையறைக்கு ஷேடு கார்டை விரித்து ஒரு பச்சையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எப்படி?"

"எனக்குப் பிடிக்கல," என்றார் மாஸ்டர். ஒரு வினாடிகூட யோசிக்காமல்.

"ஏன் பிடிக்கல?"

"தூங்கற ரூம்ல எதுக்குப் பச்சை? பச்சைன்னா எனக்குக் கிளம்பணும்னு தோணும்."

அவள் தலையணை ஒன்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கார்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.